முப்பிடாதி மூடிய ஓட்டைகள்

கிட்ட வந்து உட்காருங்கள், இன்னும் கொஞ்சம் கிட்ட, காது குத்தியவர்கள் காதை ஒரு தரம் தொட்டுப் பார்த்து ஓட்டை இருக்கிறது என்று தெரிந்துகொண்டு உட்காருங்கள், ஏனென்றால் இது கருவேலங்குறிச்சியில் இருந்த ஓட்டையெல்லாம் மூடிக்கொண்ட சமாச்சாரம், எட்ட இருந்து கேட்டால் பாதிதான் நம்புவீர்கள், பாதி நம்பினால் சிரிப்பும் பாதிதான் வரும்.

கருவேலங்குறிச்சி ஆவுடைத்தாயைத் தெரியாத ஆள் தென்காசிக்கு இந்தப் பக்கம் கிடையாது. கல்யாணம், சடங்கு, வளைகாப்பு, கருமாதி என்று எங்கே கோட்டை அடுப்பு வெட்டினாலும் கரண்டியோடு அவள் நிற்பாள், கல்யாணத்துக்கு மறுநாள் மறுவீட்டு விருந்துக்கு அவள் வைக்கிற தேங்காய்ப்பால் சொதியைக் குடித்துவிட்டு, முந்தின நாள் சட்டையைக் கிழித்துக்கொண்ட சம்பந்திகள் ஒருத்தர் இலைக்கு ஒருத்தர் இஞ்சிப் பச்சடியைத் தள்ளிவிட்டுக் கொஞ்சிக்கொள்வார்கள். அப்பேர்ப்பட்ட கைக்காரிக்கு இடது கண் பிறவியிலேயே நீர் ஊறாத கண், வலது கண்ணில் ஒரு வம்பு. நின்றால் வடியும், நடந்தால் வடியும், சிரித்தால் இன்னும் கூடுதலாக வடியும். வெங்காயத்தால் இல்லை, புகையால் இல்லை, புருஷன் தளவாய் அடித்ததாலும் இல்லை, தளவாய் கொசுவை அடிப்பதற்கே இரண்டு தரம் யோசிக்கிற மனுஷன். கண்ணில் ஊறுகிற தண்ணீர் மூக்குக்குள் இறங்குகிற வழி அடைத்துப்போய், போக்கிடம் இல்லாமல் கன்னத்து வழியாக இறங்கிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

சாவு விழுந்த துஷ்டி வீட்டில் அந்தக் கண்ணுக்கு நல்ல மரியாதை. பதினாறாம் நாள் சமையலுக்கு வந்தவளை முன்வரிசையில் உட்கார வைத்து, "ஒட்டும் ஒறவும் இல்லாதவ என்னமா அழுதா பாரு" என்று உச்சுக் கொட்டுவார்கள். ஒரு தடவை அயலூர்க்காரர் ஒருத்தர் அவளைக் காட்டி, "எறந்தவருக்கு வீட்டம்மா இவங்கதானோ?" என்று கேட்டுவிட, நிஜ வீட்டம்மா ஒப்பாரியைப் பாதியில் நிறுத்திவிட்டு ஆவுடையைத் தலையிலிருந்து கால்வரைக்கும் பார்த்தாள். கல்யாண வீட்டில்தான் கஷ்டம். தாலி ஏறுகிற இடத்தில் கன்னம் நனைய ஒருத்தி நின்றால் நன்றாகவா இருக்கும்? அதனால் அடுப்புக்கும் பந்தலுக்கும் நடுவில் ஓலைத் தட்டி ஒன்றைக் கட்டி, அவளை அதற்குப் பின்னால், சுவரைப் பார்க்க நிற்க வைப்பார்கள். அவள் கை செய்ததைத் தின்ன இருநூறு பேர் வருவார்கள், அவள் முகத்தைப் பார்க்க ஒருத்தரும் வரமாட்டார்கள்.

அப்போது பஞ்சாயத்து பிரசிடெண்ட் சிவபாதத்தின் மகளுக்குப் பாளையங்கோட்டையில் மாப்பிள்ளை கூடி வந்தது. சிவபாதத்தின் வீட்டுக்காரி மங்கையர்க்கரசி, ஊருக்கெல்லாம் மங்கை மதினி, வெற்றிலையை மென்றுகொண்டே ஆவுடை வீட்டுக்கு வந்தாள்.

"ஏளா ஆவுடை, சமையல் ஒனக்குத்தாம். ஆனா மாப்ள வீட்டுக்காரவுக படிச்சவுக, பாத்துக்கோ."

"படிச்சவுகளுக்கும் வயிறு இருக்கும்லா மதினி?"

"வயிறும் இருக்கும், கண்ணும் இருக்கும். இந்தத் தடவ மண்டபத்துல கல்யாணம், தட்டியெல்லாம் கட்ட முடியாது. நீ அடுப்படியில நின்னு கண்ணத் தொடைச்சிக்கிட்டே இருந்தேன்னா, என்ன எழவு சகுனம்னு கேப்பாக. கண்ணு காஞ்சா கரண்டியப் புடி. காயலன்னா சுரண்டையில இருந்து ஆளக் கூட்டியாரச் சொல்லிருவேன். அப்புறம் எம்மேல கொற சொல்லாத."

மங்கை மதினி போன பிறகு ஆவுடை கரண்டியைக் கையில் எடுத்துக் கணக்குப் போட்டாள். பிரசிடெண்ட் வீட்டுக் கல்யாணத்தில் கரண்டி கை மாறிவிட்டால் அப்புறம் அந்த வட்டாரத்தில் எவனும் அவளைக் கல்யாணத்துக்குக் கூப்பிடமாட்டான், கருமாதிக்குத்தான் கூப்பிடுவான். ஆயுசு பூராவும் செத்தவன் பேரைச் சொல்லியே கரண்டி பிடித்துக்கொண்டிருக்க முடியுமா? மறுநாளே தளவாயை இழுத்துக்கொண்டு திருநெல்வேலிக்குப் பஸ் ஏறினாள்.

அங்கே கண்ணாஸ்பத்திரியில் இருந்தது சின்னப் பிள்ளை மாதிரி ஒரு டாக்டரம்மா. கண்ணுக்கும் மூக்குக்கும் நடுவில் இருக்கிற எலும்பில் ஒரு ஓட்டை போட்டுப் புது வழி விடலாம் என்றாள். விட்டாள். கட்டைப் பிரித்த பிறகு ஆவுடையின் பழைய தழும்புகளைப் பார்த்தாள், எண்ணெய் தெறித்தது, அருவாமனை அறுத்தது, கொதிக்கிற அண்டா சுட்டது, எல்லாம் ஆறி, மேலே சதை மேடு கட்டி, சீடை மாதிரி உருண்டு கிடந்தது.

"ஒங்களுக்குக் காயம் ரொம்ப வேகமா ஆறும் போல, அதான் எனக்கு பயம்" என்றாள் டாக்டரம்மா.

"ஆறுனா நல்லதுதானம்மா?"

"இதுல அப்படி இல்ல. நாம ஓட்டை போட்டிருக்கோம். ஒடம்பு அதையும் காயம்னு நெனச்சு, சதைய வளத்து மூடிரும். தழும்பு வந்து அடைச்சிட்டா, திரும்பவும் கண்ணு வடியும். அதுக்குத்தான் சதை வளராம இருக்க மருந்துப் பஞ்சு வச்சு எடுத்திருக்கேன், நடுவுல ஒரு குழாயும் விட்டிருக்கேன். நான் சொல்ற தேதிக்கு வாங்க, குழாய எடுத்திரலாம். அதுக்கு மேல விட்டு வச்சா குழாயச் சுத்தியே சதை வளரும். மூக்கச் சிந்தாதீங்க, கண்ணக் கசக்காதீங்க."

"ஆறணும், ஆனா மூடக்கூடாது. அம்புட்டுதான?"

"அம்புட்டுதான்" என்றாள் டாக்டரம்மா, அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

கண்ணோரத்தில் மீன்பிடி நரம்பு மாதிரி ஒரு குழாய் பளபளக்க, மூக்கு கத்திரிக்காயாக வீங்க, ஆவுடை ஊர் வந்து பஸ்ஸை விட்டு இறங்கினாள். இறங்கினால், ஊரே மாவிளக்கோடு நிற்கிறது. கருவேலங்குறிச்சியில் அப்படி ஒரு வழக்கம்: யார் கத்தி வைத்துவிட்டுத் திரும்பி வந்தாலும், குடல்வால் ஆனாலும் சரி கால் ஆணி ஆனாலும் சரி, நேரே வீட்டுக்கு விடமாட்டார்கள், வீட்டுக்கு ஒரு மாவிளக்கு எடுத்து, முப்பிடாதி அம்மன் கோவிலுக்குக் கொட்டடித்துக் கூட்டிப்போய், காயம் கூடணும் என்று எல்லாரும் ஒரே சத்தமாகக் கேட்பார்கள். ஒரே சத்தமாகக் கேட்டதை முப்பிடாதி ஒருநாளும் தட்டியதில்லை. ஊர் அதுவரைக்கும் ஒரே சத்தமாக வேறு எதையும் கேட்டதில்லை என்பது வேறு விஷயம்.

"கத்தி வச்ச எடத்துல என்னளா பண்ணுனாவ?" என்று மங்கை மதினி கேட்டாள்.

"ஓட்டை போட்டிருக்காவ மதினி."

அவ்வளவுதான், மங்கை மதினி நெஞ்சில் அடித்துக்கொண்டாள், கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தாள், "எலும்புலயே ஓட்டை போட்டு அனுப்பிட்டானுவ சண்டாளப் பயலுவ" என்றாள், உடனே கொட்டு எழும்பியது. "மதினி, ஆறணும், மூடக்கூடாது, அப்படிக் கேக்காதீங்க" என்று ஆவுடை மூக்கடைத்த குரலில் கத்திப் பார்த்தாள், "மயக்க மருந்து இன்னும் எறங்கல, ஒளறுதா" என்று நாலு பெண்கள் அவள் கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டார்கள், அவளுக்கு முன்னால் ஊர் மொத்தமும் விளக்கைத் தூக்கிப் பிடித்து, "ஓட்டை மூடணும் தாயே, ஓட்டை மூடணும் தாயே" என்று முப்பிடாதியின் காது அதிரக் கேட்டது. எந்த ஓட்டை என்று ஒருத்தனும் சொல்லவில்லை. முப்பிடாதியும்தான் பாவம், அத்தனை பேர் தொண்டையைத் தனித்தனியாக நிறுத்தி விசாரிக்க முடியுமா? சரி என்று சொல்லிவிட்டாள்.

விடிந்ததும் முதல் சேதி பஞ்சர் கடையில் இருந்து வந்தது. ஞானதிரவியம் ஒரு சைக்கிள் டியூபைக் காற்றடித்துத் தண்ணீர்ச் சட்டியில் முக்குகிறான், ஒரு குமிழி வரவில்லை. கொண்டுவந்தவன் முள்ளைக் கையிலேயே வைத்திருக்கிறான், முள் போன ஓட்டையைக் காணோம். அப்புறம் ஒன்றன்பின் ஒன்றாக. பள்ளிக்கூடத்து ஓடு ஒழுகவில்லை. குடத்து விரிசல் தானாகக் கூடிற்று. பஸ் ஸ்டாப்பில் இருந்து ஊருக்குள் வருகிற ரோட்டுக் குழிகள், இரண்டு பிரசிடெண்ட்டுகளையும் ஒரு எருமையையும் பார்த்த குழிகள், பொம்பளையின் கன்னம் மாதிரி வழவழ என்று மூடிக்கொண்டன. அன்றைக்குச் சாயங்காலமே சிவபாதம் கைகூப்பிச் சிரிக்கிற ஃப்ளெக்ஸ் ஒன்று, 'குழியில்லா ரோடு தந்த கோமானே' என்று முச்சந்தியில் எழும்பிவிட்டது. எலிகள் வளை மூடிப்போய், வாடகை கொடுக்காததால் வெளியே தள்ளப்பட்ட குடும்பம் மாதிரி, குட்டிகளோடு வாய்க்கால் கரையில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருந்தன. ரேஷன் கடைக்கு வருகிற சாக்கில் வழக்கமாக இருக்கிற ஓட்டை இல்லாததால் அரிசி சரியான எடைக்கு வந்து சேர்ந்து, ஊரே ஆடிப்போய்விட்டது.

ஊர் ஒரு வாரத்தில் பழகிவிட்டது, எதற்குத்தான் பழகவில்லை. ஊசிக் காது மூடுகிறது, ஆனால் நூல் கோத்த ஊசி மூடவில்லை. கம்மல் கிடக்கிற காது மூடவில்லை. ஆக, உள்ளே எதாவது ஒன்று இருந்தால் முப்பிடாதி அதைத் தொடுவதில்லை, சும்மா கிடக்கிற ஓட்டையைத்தான் மூடுகிறாள் என்று பெண்கள் கண்டுகொண்டார்கள். அதிலிருந்து கம்மலைக் கழற்றாமல் தூங்கினார்கள், ஊசியை நூலோடு சுவரில் குத்தி வைத்தார்கள். ஆம்பளைகள் சட்டைப் பட்டனைக் கழற்றினால் காஜா மூடிக்கொள்கிறது என்று போட்ட பட்டன் போட்டபடியே, தலைவழியாகச் சட்டையை உருவ, காது மாட்டிக்கொண்டு அலறினார்கள். மூக்குத்தியை அடகு வைத்தவர்கள் ஈர்க்குச்சி செருகினார்கள். ஞானதிரவியம் பஞ்சர் பலகையைத் திருப்பிப் போட்டு, 'இங்கு ஓட்டை போட்டுத் தரப்படும்' என்று எழுதி வைத்தான். இட்லித் தட்டும் சல்லடையும் ஜல்லிக்கரண்டியும் ஏந்திக்கொண்டு வரிசை நின்றது, காலையில் அவன் போட்டதை ராத்திரி முப்பிடாதி மூடினாள், மறுநாள் காலையில் அதே வரிசை. "ஆத்தாவும் நானும் பார்ட்னரு" என்பான், வேதக்காரன், சிலுவையை ஒரு தரம் தொட்டுக்கொள்வான்.

ஆவுடைக்குத்தான் வேலையில் திண்டாட்டம். இடியாப்ப உரலுக்கு எல்லாக் கண்ணும் மூடிவிட்டது. உளுந்த வடைக்குப் பெருவிரலால் ஓட்டை போட்டு எண்ணெயில் விட்டால், அது மூழ்கி எழும்போது போண்டாவாக எழுந்தது, நடுவில் வேகாத மாவு. குழாய் கிடந்த அவள் கண்ணு மட்டும் அப்படியே இருந்தது, ஒரு சொட்டு வெளியே வரவில்லை. அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்து அவள் நாள் எண்ணினாள். டாக்டரம்மா சொன்ன தேதி கல்யாணத்துக்கு மறுநாள். குழாயை உருவினால் அதுவும் சும்மா கிடக்கிற ஓட்டைதானே? பஸ் ஊர் எல்லை தாண்டி உள்ளே வருவதற்குள் முப்பிடாதி தடவி மூடிவிடுவாளே? தளவாயிடம் சொன்னாள். தளவாய் நிறைய யோசித்து, "எதாவது செருகி வச்சிக்கிட்டா என்னளா, ஒரு வெந்தயம் மாதிரி" என்றான். அவள் அவனைப் பார்த்த பார்வையில் அவன் கிரைண்டர் கழுவப் போய்விட்டான்.

அதற்குள் அந்தக் காரியம் நடந்தது. நம் எல்லாருக்கும் கண்ணில் மூக்கை ஒட்டின மூலையில் ஊசிமுனை அளவுக்கு ஒரு துவாரம் உண்டு, கண்ணீர் அதுவழியாகத்தான் மூக்குக்குப் போகும். அவ்வளவு சின்ன ஓட்டையை முப்பிடாதி கடைசியாகத்தான் பார்த்தாள் போல. ஒரு வெள்ளிக்கிழமை மங்கை மதினி கோலம் போட்டுக்கொண்டிருந்தவள் கண்ணு வடிகிறதே என்று துடைத்தாள், துடைக்கத் துடைக்க வடிந்தது, எதிர்வீட்டைப் பார்த்தால் எதிர்வீட்டுக்காரியும் வடிக்கிறாள், "யாருளா போயிட்டா?" என்று இவள் கேட்க, "அதத்தான் நானும் ஒங்களக் கேக்க வந்தேன்" என்று அவள் சொல்ல, மதியத்துக்குள் ஊர் மொத்தமும் வடித்துக்கொண்டிருந்தது. டீக்கடையில் ஆளுக்கு ஒரு கிளாஸ், ஆளுக்கு ஒரு துண்டு. பள்ளிக்கூடத்தில் அடிபட்ட பிள்ளை எது அடிபடாத பிள்ளை எது என்று வாத்தியாருக்குத் தெரியவில்லை, வாத்தியாரும் வேறு வடிக்கிறார். கண்டக்டர்கள் கருவேலங்குறிச்சி டிக்கெட் என்றால் எழுந்து இடம் கொடுத்தார்கள். யூனியன் ஆபீஸில் சிவபாதம் தண்ணீர்த் தொட்டி பற்றிப் பேசப் பேசக் கன்னம் நனைந்ததைப் பார்த்து, இப்படி மக்களுக்காக உருகுகிற பிரசிடெண்ட்டை நாங்கள் கண்டதில்லை என்று அடுத்த ஊர்க்காரர்கள் கைதட்டினார்கள்.

ஊரில் காய்ந்த கண் ஆவுடை கண் மட்டும்தான், இடதில் ஊற்று இல்லை, வலதில் குழாய் கிடந்தது.

"ஊரே அழுது, இவளுக்கு ஒரு சொட்டு வருதா பாத்தியா" என்று குழாயடியில் பேசிக்கொண்டார்கள். "கல்நெஞ்சுக்காரி!"

"இத்தன வருசம் நாஞ் சிந்துனப்ப ஓலத் தட்டியக் கட்டி மறைச்சீங்களே, இப்ப ஊருக்கே எங்கனளா தட்டி கட்டுவீங்க?" என்று ஆவுடை குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்தாள்.

கல்யாணத்துக்கு நாள் நெருங்கி, மாப்பிள்ளை வீட்டார் பட்டுச்சேலை கொண்டுவந்தார்கள். வாசலில் வரவேற்க நின்ற சிவபாதம் வடிக்கிறார், மங்கை மதினி வடிக்கிறாள், பெண் குனிந்த தலையோடு வந்து நிற்க அவள் மடியில் சொட்டுச் சொட்டாக விழுகிறது, நாதஸ்வரக்காரர் மூடிப்போன குழலைக் கையில் பிடித்துக்கொண்டு அவரும் வடிக்கிறார். மாப்பிள்ளையின் அப்பா காப்பியைத் தொடவில்லை. "பொண்ணுக்கு இஷ்டம் இல்லன்னா மொதல்லயே சொல்லியிருக்கலாம்" என்று எழுந்தார். காலைப் பிடிக்காத குறையாகச் சமாதானம் சொல்லி அனுப்பினார்கள். ஆனால் அவர் போகும்போது சொல்லிவிட்டுத்தான் போனார், முகூர்த்தத்தன்றைக்கு மணப்பெண் கண்ணில் ஈரத்தைப் பார்த்தால் மாப்பிள்ளை காரை விட்டு இறங்கமாட்டான் என்று.

அன்றைக்கே பஞ்சாயத்து ஆபீஸில் கூட்டம். எல்லாரும் துண்டோடு வந்தார்கள். கண்ணு ஓட்டையைத் திறக்கணும், அதில் சண்டையில்லை, மற்றதில்தான் சண்டை. கூரைக்காரர்கள் கூரையைத் தொடாதே என்றார்கள். காஜாக்காரர்கள் காஜா இல்லாமல் மானம் போகிறது என்றார்கள். ஞானதிரவியம் எழுந்து, "கண்ண மட்டும் தொறக்கச் சொல்லுங்க, பாத்திரத்த நாம் பாத்துக்கிடுதேன்" என்றான்.

"ரோட்டத் தொடப்படாது" என்றார் சிவபாதம் கன்னத்தைத் துடைத்துக்கொண்டு. "ஃப்ளெக்ஸ் வச்சாச்சு."

"அப்ப எலி வளை?"

"எலிக்கு யாருவே பேச வந்திருக்கா?"

"எலி இப்ப எங்கூட்டு அரிசிப் பானையில குடியிருக்குவே, அதான் கேக்கேன்."

பொழுது சாய்கிறவரைக்கும் ஓட்டை ஓட்டையாக எடுத்துப் பேசி, ஒரு ஓட்டைக்கும் இரண்டு பேர் ஒத்துவராமல், கடைசியில் மங்கை மதினி முந்தானையைப் பிழிந்துவிட்டு எழுந்து, "எல்லாத்தையும் பழையபடி ஆக்கித் தா தாயேன்னு கேட்டுருவோம், ஒருத்தருக்கும் நஷ்டமில்ல" என்றாள். எல்லாருக்கும் பசி, சரி என்று தலையாட்டினார்கள். அங்கேதான் அடுத்த வம்பு. மாவிளக்கு எடுத்துக்கொண்டு கோவிலுக்குப் போனால், குனிந்து ஏற்றுகிறவர் கண்ணில் இருந்து சொட்டு விழுந்து திரி சுர்ர் என்று அணைந்தது. பூசாரி ஏற்றினார், அணைந்தது. சிவபாதம் கழுத்தை மேலே தூக்கிக்கொண்டு ஏற்றினார், மீசை கருகியது. விளக்கில்லாமல் கேட்டால் முப்பிடாதிக்குக் காது கேட்காது. எல்லாரும் மெதுவாக ஆவுடை பக்கம் திரும்பினார்கள்.

"ஏ ஆவுடை, ஒங்கண்ணுதாம்மா காஞ்ச கண்ணு" என்றாள் மங்கை மதினி. 'ஏளா' என்ற அதட்டல் போய் 'அம்மா' வந்திருந்தது. "எங்க எல்லாருக்குமா நீயே ஏத்திக் கேளு. ஊரு ஒஞ் சொல்லுக்குக் கட்டுப்படும். பழையபடின்னு மட்டும் சொல்லு, ஒண்ண ரெண்டாக்கிராத."

"கேக்கேன் மதினி. ஆனா உள்ள நாம் மட்டுந்தாம் போவேன். நீங்கள்லாம் கூட வந்து சொட்டுச் சொட்டா விட்டு வெளக்க அணைச்சிராதிய."

கோவிலுக்குப் போகிற வழியில் தளவாய் அவள் பக்கத்தில் வந்து, மெல்லக் குனிந்து சொன்னான். "ஏளா, பழையபடின்னா... ஒங்கண்ணும் பழையபடிதான? அடைச்சில்லா கெடந்துச்சி அது."

"இப்பந்தாம் ஒறைக்குதாக்கும் ஒங்களுக்கு."

"அப்ப கேக்காத. நாம பேசாம கடையத்துப் பக்கமாப் போயிருவோம். அங்கயும் கல்யாணம் நடக்குல்லா."

"ஊரு பூரா வடிச்சிக்கிட்டுக் கெடக்க நாம மட்டும் போயி அங்கன வட சுடவா? தள்ளுங்க" என்று சொல்லி, மாவிளக்குத் தட்டை மறு கைக்கு மாற்றிக்கொண்டு நடந்தாள். ஊருக்கெல்லாம் நல்ல காலம் எதுவோ அதுதான் அவளுக்குக் கெட்ட காலம், அந்தப் பழையபடிக்குள்தான் ஓலைத் தட்டியும் சுவரும் இருந்தன.

உள்ளே போய்க் கதவை ஒருக்களித்து விளக்கை ஏற்றினாள். திரி நின்று எரிந்தது. வெளிச்சத்தில் நிமிர்ந்து பார்த்தால், முப்பிடாதியின் கருங்கல் கன்னத்தில் இரண்டு பக்கமும் ஈரக்கோடு, நாடியில் சொட்டு தொங்குகிறது. ஆனந்தக் கண்ணீர் என்று பூசாரி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தது இதைத்தான். கொடைத் திருவிழாவுக்கு மட்டும் போடுகிற மூக்குத்தியை அந்தச் சந்தோஷத்துக்குப் போடப் பார்த்து, ஓட்டை மூடிக்கிடந்ததால் தோற்றுப்போய்த் தட்டிலேயே வைத்திருந்தார்.

"அடப்பாவி மக்கா, நீயும் மாட்டிக்கிட்டியா" என்று ஆவுடை முந்தானையால் அவள் கன்னத்தைத் துடைத்துவிட்டாள். "கசக்கிராத, ஒத்தி எடுக்கணும். எவனாவது கத்திக் கேட்டா யோசிக்க வேண்டாமா? எது ஓட்டை, எது பொத்தல்னு பாக்க வேண்டாமா? சரி, போவட்டும். இங்க பாரு. ஆறுறது வேற, மூடுறது வேற. ஒனக்கு மூக்கு குத்துனாவல்லா, அந்தப் புண்ணு ஆறுச்சா இல்லையா? ஆறுச்சு. ஓட்டை மூடுச்சா? மூடல. அன்னைக்கி மூடாததுனாலதாம் ஒனக்கு மூக்குத்தி, இப்ப மூடிப்போயித் தட்டுல கெடக்கு. அதுமாதிரிதாம் எங்கண்ணும். அந்தப் புள்ள கஷ்டப்பட்டு எலும்பக் கொடைஞ்சு போட்டது, தழும்பு கட்டி அடைஞ்சிரப்படாது."

முப்பிடாதிக்கு முன்னால் சுடர் ஒரு தரம் சாய்ந்து நிமிர்ந்தது.

"ஊரு பழையபடின்னு கேக்கச் சொல்லுச்சு. கேக்கேன், நாம் வாக்கு மாற மாட்டேன். ஆனா எந்தப் பழையபடின்னு அவுக சொல்லல, அத நாஞ் சொல்லுதேன். அன்னைக்கி நாம் ஆஸ்பத்திரியில இருந்து வந்து பஸ்ஸ விட்டு எறங்குனேம்லா, இவுக வெளக்கத் தூக்குறதுக்கு முந்தி, ஒரு கால் படியில, ஒரு கால் தரையில. அந்த நேரத்துல ஊருல எந்த ஓட்டை எப்பிடி இருந்துச்சோ, அந்தப் பழையபடி. ஓட்டைய மட்டுந்தாம் சொல்லுதேன், வீங்குன மூக்கத் திருப்பித் தந்துராத."

அவள் சொல்லி வாய் மூடவில்லை, ஊருக்குள் கடுகு வெடிக்கிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. முதலில் ஒன்று இரண்டு, அப்புறம் தாளிப்புச் சட்டியைக் கவிழ்த்த மாதிரி படபடபட என்று, சல்லடை, ஊசி, காஜா, குழல், உண்டியல், கூரை, வளை, ரோடு. கண்ணு ஓட்டைகள் எல்லாம் ஒரே சமயத்தில் திறந்து, தேங்கியிருந்தது மொத்தமும் மடை திறந்து மூக்குக்குள் இறங்க, கோவில் வாசலில் நின்ற ஊர் முழுக்க ஒரே நேரத்தில் மூக்கைச் சிந்தியது, அந்தச் சத்தத்துக்கு அடுத்த ஊரில் கட்டிக்கிடந்த மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிற்று. சிவபாதம் அழுகை நின்ற சந்தோஷத்தில் ஜீப்பை எடுத்துக்கொண்டு முச்சந்திவரைக்கும் போனார், தன் ஃப்ளெக்ஸுக்கு நேர் கீழே இருந்த குழியில் முன்சக்கரத்தை இறக்கினார். ஞானதிரவியம் பெருமூச்சு விட்டுப் பலகையைத் திருப்பிப் போட்டு, ஜாக்கியை எடுத்துக்கொண்டு கிளம்பினான்.

ஆவுடை கோவிலுக்குள்ளேயே நின்று தன் கண்ணோரத்தைத் தொட்டுப் பார்த்தாள். காய்ந்திருந்தது. ஆனால் குழாய் இன்னும் உள்ளே கிடக்கிறதே? முப்பிடாதி காதில் விழுந்தது அந்தப் பழையபடிதானா, இல்லை அதற்கு முந்தின பழையபடியா, குழாயை உருவினால்தான் தெரியும்.

கல்யாணம் நன்றாக நடந்தது. மாப்பிள்ளை இறங்கினான், நாதஸ்வரம் ஊதியது, மணப்பெண் பல்லெல்லாம் தெரியச் சிரித்ததைப் பார்த்து மாப்பிள்ளையின் அப்பாவுக்கு இப்போது வேறு மாதிரி சந்தேகம் வந்தது. ஆவுடை தட்டி இல்லாமல், பந்தியைப் பார்க்க நின்று, கரண்டியை ஆட்டி ஆட்டி ஆட்களை ஏவினாள், வடைக்கு நடுவில் வானம் தெரிந்தது. "இவுகதாம் எங்க சமையக்காரவுக" என்று மங்கை மதினி அவளை இழுத்துக்கொண்டு போய்ச் சம்பந்தியம்மாவிடம் காட்டினாள். மாப்பிள்ளையின் சித்தி அங்கேயே நின்று தன் மகள் கல்யாணத்துக்கு நாள் கேட்டாள்.

"தையில வச்சிருக்கோம், வந்துருவீங்கள்லா?"

"நாளைக்கிச் சொல்லுதேன்" என்றாள் ஆவுடை. நாளைக்குத்தான் குழாயை உருவுகிற நாள்.

மறுநாள் திருநெல்வேலி ஆஸ்பத்திரியில், வரமாட்டேன் என்று சொல்லிவிட்டுக் கூடவே வந்த மங்கை மதினி ஒரு பக்கம், தளவாய் ஒரு பக்கம் நிற்க, டாக்டரம்மா அந்தக் குழாயை உருவினாள். உருவினதைத் தட்டில் போட்டுவிட்டு, முனை மழுங்கின ஊசி ஒன்றைக் கண்ணோரத்துத் துவாரத்தில் வைத்து, "தண்ணி விடுறேன், வழி தொறந்திருந்தா தொண்டைக்கு வரும். அடைச்சிருந்தா கண்ணுக்கே திரும்பி வந்திரும்" என்றாள். தளவாய் கண்ணை மூடிக்கொண்டான். மங்கை மதினி முப்பிடாதியைக் கூப்பிட வாயைத் திறந்தவள், என்ன கேட்டால் என்ன ஆகுமோ என்று பயந்து வாயைப் பொத்திக்கொண்டாள். டாக்டரம்மா மெல்ல அழுத்தினாள்.

கன்னத்தில் ஒன்றும் இறங்கவில்லை. ஆவுடையின் தொண்டை ஒரு தரம் ஏறி இறங்கியது.

"தெரியுதா? எதாவது வந்துச்சா?" என்றாள் டாக்டரம்மா.

ஆவுடை புருவத்தைச் சுருக்கி, வந்ததை நாக்கில் உருட்டி, மேலண்ணத்தில் ஒட்டி, மறுவீட்டுச் சொதியை இறக்குவதற்கு முன்னால் உள்ளங்கையில் ஊற்றிப் பார்க்கிற அதே நிதானத்தோடு சப்புக் கொட்டினாள், அப்புறம் ஒற்றைக் கண்ணைத் திறந்து, "உப்பு ஒரு கல்லு கம்மி, டாக்டரம்மா. இன்னும் ரெண்டு சொட்டு விடுங்க, நிச்சயமாச் சொல்லுதேன்" என்று முகத்தை நிமிர்த்திக் காட்டினாள்.